ஞானம்பிகையின் வடகோடி வானிலை

சமையலுக்கான கார்ச்சோபி என்னும் காய்ப்பூவின் முள்மடல்களை உரித்துக்கொண்டே ஞானம்பிகை கைபேசியை எட்டிப் பார்க்கிறார். அது அவர் வேலை செய்யும் வீட்டின் சமையலறை யன்னலில் எலுமிச்சம்பழக் கூடைமேல் சாய்ந்து நிற்கிறது. வெளியே மொண்டெல்லோக் கடல் வெயிலில் மினுங்குகிறது. திரையில் சைபருக்குக் கீழே பதினொன்று, வடமேல் காற்று, பின்னேரம் பனி.

"இண்டைக்குப் பிழையில்லை. வேலைக்குப் போகலாம்," என்கிறார். அது பார்க்க வந்திருக்கும் எனக்குச் சொன்னதல்ல. நோர்வேயின் வடகோடியில், பரன்ஸ் கடலோரத்து மீன்பிடி ஊரொன்றில் இருக்கும் தங்கை குடும்பத்துக்குச் சொன்னது.

ஐம்பத்தாறு வயது. இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் கட்டடத்தில்தான், எனக்குக் கீழ்வீட்டில், கணவர் கோபாலசிங்கத்தோடு இருக்கிறார். காலையில் பஸ் ஏறி மொண்டெல்லோவுக்கு வந்து, தனித்து வாழும் சிஞ்ஞோரா என்று அவர் அழைக்கும் ஒரு முதிய இத்தாலிய அம்மாவுக்குச் சமைக்கிறார், தலை வாருகிறார், மருந்து எடுத்துக் கொடுக்கிறார். இடையிடையே வடக்கைப் பார்ப்பார். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை நிறங்கள் அவருக்குப் பாடம். நோர்வே மொழியில் தெரிந்த ஏழெட்டுச் சொற்களும் காற்றும் பனியும் சம்பந்தப்பட்டவை; நன்றி சொல்லத் தெரியாது.

பலேர்மோ வானத்தை மட்டும் அவர் கவனிப்பதே இல்லை. ஆபிரிக்காப் புழுதியோடு மழை வரப்போகிறதென்று ஊரே யன்னலைச் சாத்தும்போது கணவரின் வெள்ளைச் சட்டைகளைக் கொடியில் போடுவார். அவை மண்ணிறமாக உள்ளே வரும். "இஞ்சை மழை பெய்தால் நனையிறதுதானே, வேறை என்ன?" என்பார். கோபாலசிங்கம் இப்போது மண்ணிறச் சட்டையே வாங்குகிறார்.

தங்கை நிரோசினிக்கு அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. வீடு மலையடிவாரத்தில். அந்த ஊரிலிருந்து வெளியே போக மலைமேல் ஒரே ஒரு பாதை. காற்று கூடினால் வாகனங்கள் பனி தள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகப் போகும். இன்னும் கூடினால் பாதையைப் பூட்டிவிடுவார்கள். ஒருமுறை நிரோசினி அந்த மலையில் காருக்குள் இரவு முழுவதும் சிக்கிக்கிடந்தார். அதன்பிறகுதான் இந்தப் பார்வை தொடங்கியது.

போன பெப்ரவரியில் நிரோசினியின் மகள் துசானி நிறைமாதம். பிரசவ ஆஸ்பத்திரி மலைக்கு அப்பால், கிர்க்கெனஸில். புதன்கிழமை தாயும் மகளுமாகப் போவதென்று ஏற்பாடு. திங்கட்கிழமை காலை ஞானம்பிகை போன் எடுத்தார்.

"நிரோ, துசானியை இண்டைக்கே வெளிக்கிடச் சொல்லு."

"அக்கா, உங்கை வெயிலுக்குள்ளை இருந்துகொண்டு எங்களுக்குப் பனி சொல்லித் தாறியளோ?"

"காத்தெண்டால் நான் கதைக்கமாட்டன். நாளைக்கு நாலு பாகை எண்டு போட்டிருக்கு. ஒரு கிழமையாக் கொட்டின பனிக்கு மேலை மழை. அந்த மலை சும்மா கிடக்குமே?"

நிரோசினியின் கணவர் றமேஸ் போனை வாங்கினார். "ஓம் மச்சாள், முந்தி பெப்ரவரியிலை மழை எண்டால் இஞ்சை ஆரும் நம்பமாட்டினம். இப்ப ஒவ்வொரு வருசமும் பெய்யுது." ஆனால் நிரோசினிக்குச் செவ்வாய்க்கிழமை வேலை, லீவு புதனிலிருந்துதான். அம்மா இல்லாமல் மகள் போவதா என்று இரு சகோதரிகளும் குரலை உயர்த்தினார்கள். கடைசியில் துசானியே தீர்த்துவைத்தாள். "பெரியம்மா, நான் போறன். சண்டை பிடிக்காதேங்கோ." மத்தியானம் மருத்துவிச்சியும் கூப்பிட்டு, இன்றைக்கே புறப்படும்படி சொன்னாராம். துசானி கணவனோடு மலையைக் கடந்தாள்.

செவ்வாய் பின்னேரம் மழை வந்தது. பாதை பூட்டியாயிற்று. புதன் காலை சிஞ்ஞோராவின் அடுப்பில் தக்காளிக் குழம்பு கொதிக்கையில் ஞானம்பிகையின் திரை சிவப்பாயிற்று. பனிச்சரிவு எச்சரிக்கை. நிரோசினிக்கு அழைத்தார், மணியே போகவில்லை. றமேஸுக்கும் அப்படியே. ஊரில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

"பிள்ளையைப் போ எண்டன். தங்கச்சியை அந்த மலைக்குக் கீழை விட்டிட்டன், தம்பி. அவளும் போகோணும் எண்டு ஏன் எனக்கு வாய் வரேல்லை?" இதைச் சொல்லும்போது இப்போதும் அவர் கை நின்றுவிடுகிறது.

சிஞ்ஞோரா ஊன்றுகோலோடு எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். அவருக்கு நோர்வே எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஞானம்பிகையின் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

மத்தியானம் துசானி வீடியோவில் வந்தாள். நெஞ்சின்மேல் சிவந்த சிறு முகம். நாள் இருக்கவே பிறந்துவிட்டது. ஞானம்பிகை குழந்தையைப் பார்த்தார், அழுதார், பிறகு கேட்டார்: "கொம்மா கதைச்சவவே?"

"இல்லை, பெரியம்மா."

வெயில் சாயும் நேரத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு.

"அக்கா, நாங்கள் பள்ளிக்கூடத்திலை இருக்கிறம். மலையடிச் சனம் எல்லாரையும் நேற்று இரவு, போன் நிண்டாப்பிறகு, கொண்டுவந்து விட்டிட்டினம். பனி எங்கடை வேலியோடை நிண்டிட்டுது. இது மீட்புப்படைக்காரரின்ரை போன். கனநேரம் கதைக்கேலாது. துசானி...?"

"நீ அம்மம்மா ஆயிட்டாய்."

"பொய் சொல்லாதேங்கோ."

"பொம்பிளைப் பிள்ளை. உன்ரை மூக்கு."

மறுமுனையில் நிரோசினி யாருக்கோ நோர்வே மொழியில் கத்திச் சொன்னார். பள்ளிக்கூட மண்டபம் முழுவதும் கைதட்டியது. அந்தச் சத்தம் மொண்டெல்லோச் சமையலறையிலும் கேட்டதாம். என்ன என்று கேட்ட சிஞ்ஞோராவுக்கு ஞானம்பிகை தன் கைகளால் தொட்டில்போல ஆட்டிக் காட்டினார். சிஞ்ஞோரா அலமாரியில் இருந்த இனிப்பு வைனைத் திறக்கச் சொன்னார்.

வேலியோடு நின்ற அந்தப் பனியைப் பார்த்தபிறகு ஊர்ச்சபை மலைச்சரிவில் தடுப்பு கட்டத் தீர்மானித்திருக்கிறது. அதுவரை நிரோசினி குடும்பம் துறைமுகப் பக்கம் வாடகைக்கு இருக்கிறது. ஞானம்பிகைக்கு இதில் பெரிய நிம்மதி. "இப்ப நான் ஆறுதலாப் பாக்கிறன்," என்கிறார். பார்ப்பதை விட்டபாடில்லை.

ஏப்ரலில் முதல் தடவையாக அங்கே போனார். றமேஸ் எடுத்த வீடியோவை எனக்குக் காட்டினார். சிறிய விமானநிலைய வாசல், இரு பக்கமும் ஆளுயரப் பனி. நிரோசினி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொள்கிறார். துசானி போர்வைக்குள்ளிருந்த குழந்தை லக்ஷனாவை நீட்டுகிறாள். ஞானம்பிகை உடனே வாங்கவில்லை. கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டார். இரண்டு கைகளையும் உரசினார், வாயால் ஊதினார், தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். போதவில்லை, மறுபடி உரசினார். சூடேறியதும் கைகளை நீட்டினார்.