குளிர் அறை வாசல் செருப்பு

மாமல்லபுரம் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் அது என் முதல் வாரம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சுத்தம் என்றால் எனக்குத்தான் தெரியும் என்றிருந்தேன். உறைகுளிர் அறை வாசலில் கிடந்த செருப்பை எடுத்து அலமாரியில் வைத்தேன். செருப்பு இல்லாததால் உள்ளே ஆளில்லை என்று நினைத்துக் காவலர் கதவைத் தாழிட்டுவிட்டார்.

அரைமணி கழித்து, ஓர் ஆளைக் காணோமென்று தேடிக் கதவைத் திறந்தபோது, மீசையில் பனி படிந்த சுமைதூக்கி ஒருவர் ரப்பர் பூட்ஸ் காலோடு இறால் பெட்டிகளைச் சுவருக்குச் சுவர் மாற்றிக்கொண்டிருந்தார்.

“உக்காந்தா தூக்கம் வரும், தூங்கினா பொணம். அதான் தூக்கிக்கினே கீறேன்.”

“செருப்பை நான்தான் எடுத்தேண்ணா.”

“அது செருப்பு இல்லம்மா, நான் உள்ள கீறேன்னு போர்டு. இம்மாம் படிச்சிட்டு அத்த படிக்கலியே!” பல் தந்தியடிக்கச் சிரித்தார்.

மறுநாளும் அதே இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். என்னை எப்படி நம்பினாரோ! அவர் வெளியே வரும்வரை அந்தச் செருப்பை விட்டு நான் நகரவில்லை.