வலது பக்க ஸ்பீக்கர்

மாக் ஹின்-சுன் காய்கறி லாரி ஓட்டுகிறவர். ஞாயிறு மதியம் பழைய மின்சாதனக் கடைகள் நிறைந்த அப்லியு தெருவுக்கு, ஸ்பீக்கர் பாடுவதைக் கேட்கப் போகும் எங்கள் கூட்டத்தில் அவருக்குத் ‘தங்கக் காது’ என்று பெயர். பட்டம் கொடுத்தது நாங்கள்தான். எங்களில் பாதிப் பேருக்கு நல்ல ஸ்பீக்கர் ஜோடி வாங்க வசதி கிடையாது, மீதிப் பேருக்கு வைக்க இடம் கிடையாது. பேச்சில் மட்டும் ஒருவருக்கும் குறைச்சல் இல்லை.

நாங்கள் கூடுவது குவான் கடையில். பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பெரிய கடைகளில் கண்ணாடிக் கதவைத் திறக்கும்போதே உங்கள் செருப்பைப் பார்த்து விலை சொல்லிவிடுவார்கள். குவான் அப்படியில்லை. யாரோ வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போன ஸ்பீக்கர்களைச் சரி பார்த்து, கட்டுப்படியாகும் விலைக்குத் தருவார். வாங்காமல் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தாலும் விரட்ட மாட்டார். திட்டுவார், அவ்வளவுதான்.

உள்ளறையில் கனத்த திரை. ஒரு ஜோடி ஸ்பீக்கர், எதிரே நடுவில் ஒரு கிழிந்த சோபா நாற்காலி. அதுதான் ‘சக்கரவர்த்தி இருக்கை’. எங்கள் ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அதற்கு அதே பெயர்தான். இரண்டு ஸ்பீக்கரும் சரிசமமாகக் கேட்பது அந்த ஒரு இடத்தில் மட்டுமே. பாடுகிறவள் கண்ணுக்கு நேரே நின்று பாடுவது போலிருக்கும். சுவரோரம் மடக்கு ஸ்டூலில் காத்திருக்கும் எங்களுக்கு மிச்சம் மீதிதான். அவரவர் சி.டி.யை அவரவர் கொண்டு வர வேண்டும். அடுத்தவன் சி.டி.யில் ஸ்பீக்கர் கேட்பது அடுத்தவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெண் பார்ப்பது மாதிரி என்பார் குவான்.

மாக் அண்ணன் எதற்காக ஸ்பீக்கர் தேடினார் என்பதை எனக்கு மட்டும்தான் சொன்னார். கீழே டீக்கடையில் அன்னாசி பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

“வீட்ல சத்தமே இல்லப்பா. பையன் இங்கிலாந்து போனதுலேருந்து அவ என்கிட்ட பேசுறதே இல்ல. சாப்பாடு வைப்பா, துணி மடிப்பா. வாயத் திறக்க மாட்டா.”

“சண்டையா அண்ணே?”

“சண்டைன்னா பேசணும்ல. பையன அனுப்பச் சொன்னது அவதான். நான் ஒரு நாள் கத்துனேன், அவ்வளவுதான். ரெண்டு ஸ்பீக்கர் வாங்கி வச்சா வீட்ல ஏதாவது ஒரு குரல் இருக்கும். நல்லா இருந்தா அவளும் வந்து உக்காருவா.”

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் எந்த ஜோடியும் அவருக்குப் பிடிக்கவில்லை. சக்கரவர்த்தி இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். பாட்டு முடிந்ததும், “வலது பக்கம் மெலிஞ்சிருக்கு” என்பார். அடுத்த ஜோடிக்கும் அதே தீர்ப்பு. தங்கக் காது சொன்னால் நாங்கள் சும்மா இருப்போமா? “ஆமா, மேல் ஸ்வரத்துல ஒரு சோகை இருக்கு” என்பான் ஒருவன். “வலது பக்கத்துல காத்துப் போகுது” என்பான் இன்னொருவன். அப்படிச் சொல்லாவிட்டால் நம் காது தகரம் என்று ஆகிவிடுமே. நானும் பலமாகத் தலையாட்டியவன்தான். இப்படியே பனிக்காலம் போய் மழைக்காலமும் வந்துவிட்டது.

அந்த ஞாயிறன்று குவான் ஒரு சின்ன ஜோடியை வைத்திருந்தார். புத்தக அலமாரியில் அடங்குகிற அளவு, மாக்கின் கைக்கு எட்டுகிற விலை. அறையே குளிர்ந்து போகும்படி பாடியது. மாக் கண்ணைத் திறந்தார்.

“வலது பக்கம் மெலிஞ்சிருக்கு.”

நாங்கள் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானோம். குவான் கையைக் காட்டி அடக்கினார். இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தார். அதே பாட்டு.

“இப்ப?”

“வலதுதான்.”

ஒயரை மாற்றினார். வலதுதான். குவானுக்கு நெற்றி சுருங்கியது. மாக்கின் பக்கத்தில் வந்து நின்றார்.

“மாக், எந்திரி. நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காரு.”

“நான் என்ன முடி வெட்டிக்கவா வந்திருக்கேன்?”

“உக்காருய்யா.”

உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. மாக் மெல்லக் கையைத் தூக்கித் தன் வலது பக்கத்தைக் காட்டினார். இத்தனை நேரம் நன்றாக இருந்த ஸ்பீக்கர்தான் இப்போது அந்தப் பக்கம் இருந்தது. காட்டிய கை அப்படியே நின்றது. அவருக்கே புரிந்துவிட்டது.

“எத்தனை வருஷமா லாரி ஓட்டுற?” என்று கேட்டார் குவான். குரலில் வழக்கமான திட்டு இல்லை. “ஜன்னலத் திறந்து வச்சு சிகரெட் பிடிச்சுக்கிட்டே சுரங்கப் பாதையில போவ. எதிர்ல வர்ற இரைச்சல் பூரா உன் வலது காதுலதான். டாக்டரப் போய்ப் பாரு. ஸ்பீக்கர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

மேல் ஸ்வரத்தில் சோகை கண்டவன் தன் சி.டி. உறையைப் படிக்க ஆரம்பித்தான். எங்கள் ஒருவருக்கும் அந்த மனிதர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. மாக் எழுந்தார். அந்தச் சின்ன ஜோடியையே வாங்கிக்கொண்டார், பேரம்கூடப் பேசவில்லை. ஒரு பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.

ஷெக் கிப் மேயில் அவர் வீடு. ஒரே அறை, மூலையில் சமையல். அவர் மனைவி யூக்-சிம் கதவைத் திறந்தார். பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு கிண்ணம் எடுத்து வைத்தார். மடக்கு மேஜையை விரித்தபோது மாக் வழக்கமாக உட்காரும் மூலையில் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. அந்த மூலையில் அவருக்கு இடது பக்கம் டி.வி.யும் கடகடக்கும் மின்விசிறியும் இருக்கும், வலது பக்கம் மனைவி. இன்றைக்கு அவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். மனைவி இடது பக்கம் வந்துவிட்டார்.

இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீன் வந்தது. மீனில் ருசியான இடம் கன்னத்துச் சதைதான்; எங்கள் ஊரில் அதைப் பிரியமானவர்கள் கிண்ணத்தில் எடுத்து வைப்போம். யூக்-சிம் சோறு போட்டுக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தார்.

“இருக்குற ஒரு மரக்கட்டையே வாயத் திறக்கக் காணோம். இன்னும் ரெண்டு மரக்கட்டையத் தூக்கிட்டு வந்திருக்கு.”

“இதுங்க ரெண்டும் வாயத் திறக்கும். கேட்டுட்டுத்தான் வாங்குனேன்” என்றார் மாக்.

யூக்-சிம்மின் கையில் சோற்றுக் கரண்டி நின்றது. விருந்தாளி இருக்கிறான் என்பதையும் மறந்து புருஷனையே பார்த்தார்.

“என்ன, இன்னிக்குப் பதில் எல்லாம் வருது?”

“நீ பேசுனா பதில் வரும்.”

“நான் பேசலையா? தினமும் இதே மேஜையில பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். நீதான் டி.வி.யப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. சரி, கோபம் ஆறல, ஆறும்போது ஆறட்டும்னு விட்டுட்டேன்.”

மாக் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். வலது காதைத் தொட்டுக் காட்டினார். கடையில் நடந்ததைச் சொன்னார். ஸ்பீக்கரை மாற்றியது, ஒயரை மாற்றியது, நாற்காலியைத் திருப்பியது. குவான் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். நான் சோற்றுக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். எழுந்து போகவும் வழியில்லை. கதவை அடைத்துக்கொண்டு மாக்கின் முதுகு இருந்தது.

யூக்-சிம் கரண்டியைச் சோற்றுப் பானையில் வைத்தார்.

“அப்ப, புது வருஷத்துக்கு முன்னால நான் சொன்னது?”

“என்ன சொன்ன?”

“பையன அனுப்புனது தப்புதான், உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், மன்னிச்சுக்கன்னு. இங்க உக்காந்துதான் சொன்னேன். அழுதுக்கிட்டே சொன்னேன்.”

மாக் கேட்கவே பயந்தவர் மாதிரிக் கேட்டார்.

“அதுக்கு நான் என்ன பண்ணேன்?”

“மீனோட கன்னத்துச் சதைய எடுத்து என் கிண்ணத்துல வச்ச. வச்சுட்டு, டி.வி. சத்தத்தக் கூட்டுன.”