முட்டுக்கொடுத்த சொற்கள்

"இது வில் டெஃபனிட்லி!" என்று முணுமுணுத்தபடி ஏத்தன் வாழைக்குலையை விரலால் நெருடிப் பார்க்கிறாள் ஆறுமுகத்தாய். அடுத்த கணமே சுண்ணாம்புக் கட்டியால் அதை மரத்தின் மேல் தமிழெழுத்தில் எழுதிவிடுகிறாள். சரக்கு ஏற்ற வேண்டிய செவ்வாய்க்கிழமைக்குள் நிச்சயம் வெட்டலாம் என்று பொருள். காய் முழுதும் முற்றாமல் அதன் விளிம்பு இன்னும் மழுங்காதிருந்தால் 'ஷுட் ப்ராபப்லி', அநேகமாக. சென்ற வாரக் காற்றில் சாய்ந்தவற்றுக்கு 'மைட் பாசிப்லி', ஒருவேளை.

களக்காட்டை ஒட்டிய இத்தோட்டத்துக்காரிக்கு நாற்பத்தேழு வயது. படிப்பு எட்டாம் வகுப்பு. மகள் நித்யா கல்லூரிக்குப் போனபோது வீட்டில் விட்டுச்சென்ற ஆங்கில நூலில்தான் இச்சொற்களைக் கண்டெடுத்தாள். 'வில்' தனித்து நிற்பதை அவள் விரும்புவதில்லை. "ஒத்தையா நின்னா சாஞ்சிரும்லா? குலை தள்ளுன வாழைக்கு முட்டுக் குடுக்க மாதிரி, பக்கத்துல ஒரு டெஃபனிட்லிய நிறுத்தணும்."

இன்று பத்து மணிக்கு பெங்களூரிலிருந்து ஒரு சிப்ஸ் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி அழைப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சம்மதித்தால், ஆறுமுகத்தாயும் பக்கத்து வயல்காரிகள் நால்வரும் தரகர் இல்லாமல் அனுப்பும் முதல் சரக்கு இதுவே. மறுத்தால், பழையபடி தரகர் சொன்னதே விலை.

"அவரு என்ன கேட்டாலும் டெஃபனிட்லின்னு சொல்லிருங்க மதினி. பொய் சொல்லாம எவன் யாவாரம் பண்ணுதான்?" என்றான் கொழுந்தன் இசக்கிதுரை.

"சும்மா கெடலே. குலை என்ன உன் வாய்லயா விளையுது?"

கைப்பேசி அலறியது. செவ்வாய்க்கிழமை நானூறு குலை வேண்டும் என்றார் அதிகாரி, ஆங்கிலத்தில். இசக்கிதுரை தலையைத் தலையை ஆட்டினான். அவளோ சுண்ணாம்பு எழுத்துகளை வரிசை வரிசையாகப் பார்த்தாள். மற்ற நால்வரும் சொன்ன கணக்கையும் மனத்துக்குள் கூட்டினாள்.

"த்ரீ ஹண்ட்ரட், வீ வில் டெஃபனிட்லி சென்ட், சார். ஒன் ஹண்ட்ரட்... வீ மைட் பாசிப்லி. விண்ட், சார்."

"போச்சு, கெடுத்துட்டீயளே!" என்று இசக்கிதுரை தலையில் கைவைத்தான்.

"ஓகே. சென்ட் த்ரீ ஹண்ட்ரட்," என்றது கைப்பேசி.

ஆறுமுகத்தாய் கைப்பேசியை இடுப்பில் செருகினாள். கொழுந்தனின் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவினாள். வரப்பின்மேல் ஏறி நின்று, பக்கத்து வயல்களில் சேதிக்காகக் காத்திருந்த அந்த நான்கு பெண்களும் காணும்படி, அதைத் தலைக்குமேல் சுழற்று சுழற்றென்று சுழற்றினாள்.