வட்டத்தின் நடுவே ஒரு கோடு

ஒரு வட்டம், அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. அந்த லெட்டர்ஹெட்டின் உச்சியில் அச்சாகியிருந்த படம் அவ்வளவுதான். முதன்முதலில் அது என் கைக்கு வந்தபோது மை சரியாகக் காயவில்லை. கட்டைவிரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது. அச்சடித்துக்கொண்டு வந்தவர் தாராவியில் தார்ப்பாய்ப் பட்டறை வைத்திருந்தவர். அந்த வட்டம் எதைக் குறிக்கிறது என்று அறிந்தவர்கள் மூன்று பேர். அந்தக் கோடு முதலில் யார் மனதில் விழுந்தது என்று அறிந்தவன் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில் செம்பூரில் ஒரு கம்பெனிக்கு எஸ்டேட் ஆபீசராக இருந்தேன். குவார்ட்டர்ஸ், தோட்டம், தண்ணீர், கேட் பாஸ் எல்லாம் என் பொறுப்பு. எதற்கு எந்தப் படிவம், அதற்கு எத்தனை நகல் என்று என்னைக் கேட்காமல் அங்கே ஒரு நாற்காலி நகராது. டைரக்டர் பங்களாவின் பின்புறம் முப்பதடி குறுக்களவில் வட்டமான நீச்சல் குளம் ஒன்று இருந்தது. டைரக்டரின் மனைவிக்குக் கார் விபத்தில் தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தார். தினமும் காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் நடக்க வேண்டும், கோடைக்குள் கால் தேறாவிட்டால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பம்பாயில் குளிர் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இரவெல்லாம் திறந்து கிடந்த தண்ணீர் ஜனவரிக் காலையில் முறிந்த காலை என்ன செய்யும் என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அதற்காக டைரக்டர் வெளிநாட்டிலிருந்து ஒரு சோலார் கவர் வரவழைத்தார். நீலப் பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முழுக்கக் காற்றுக் குமிழ்கள். குமிழ்ப் பக்கம் கீழே இருக்கும்படி மிதக்கவிட்டால் பகலில் வெயிலைத் தண்ணீருக்குள் அனுப்பும், இரவில் சூட்டை வெளியே விடாது. பங்களாவில் எல்லோரும் அதைப் பாய் என்றே சொன்னார்கள்.

பாயை விரிக்கவும் எடுக்கவும் நான்கு பக்கத்துக்கு ஒரு செயல்முறை எழுதினேன். குளத்தின் கரையைச் சுற்றி ஒன்று முதல் எட்டு வரை பெயிண்டில் எண்கள். எண்ணுக்கு ஓர் ஆள். விசில் ஊதினால் எட்டுப் பேரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. குளத்தில், மூன்றாம் எண் தூக்கும்போது ஏழாம் எண் பீடி தேடிக்கொண்டிருந்தார். நடுப்பகுதி தொய்ந்து, தண்ணீரும் இலையும் அதன்மேல் ஏறி, செத்த எருமையை இழுப்பதுபோல் இழுத்தார்கள். இரண்டாம் வாரம் சிமென்ட் விளிம்பில் உரசி ஒரு முழம் கிழிந்தது.

இரண்டாம் நாளே எனக்குத் தோன்றியிருந்தது: இதை நடுவில் வெட்டி இரண்டு அரைவட்டமாக்கினால் என்ன? தோன்றியதை அப்படியே விழுங்கிக்கொண்டேன். கம்பெனி சொத்தை வெட்டுவதற்கு என்னிடம் படிவம் இல்லை.

கிழிசலை ஒட்டத்தான் தாராவிக்காரரைக் கூப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். எல்லோருக்கும் அவரும் பாய்தான். மேடம் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தவர். நானும் அங்கேதான் வளர்ந்தேன். ஆனாலும் ஆறு வருடத்தில் அவர் என்னிடம் தமிழில் பேசியது பத்து வாக்கியம் தேறாது. பாயிடம் முதல் நாளே எந்த ஊர், பட்டறையில் எத்தனை பேர் என்று விசாரித்தார். நாற்காலி போடச் சொன்னார்.

பாய் உட்காரவில்லை. குளத்தை ஒரு முறை சுற்றி வந்து என் எண்களைக் குனிந்து பார்த்தார். "இது என்ன சார், பிள்ளைக பாண்டி ஆடுத கட்டமா?" என்று கேட்டார். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்கு முன்னும் நான் சொன்ன எதற்கும் அவர் சிரித்ததில்லை.

"எட்டாளு எதுக்கும்மா? நடுவுல வெட்டிருவோம். ரெண்டு பாதியா மிதக்கட்டும். ஓராளு போதும்," என்றார் பாய்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளா இது உங்க யாருக்கும் தோணலையா?"

தோன்றியது என்று சொல்ல வாயெடுத்தேன். தோன்றியும் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். புல்வெளியில் விரித்து, குறுக்கே நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, நான் ஒரு பென்சில் சீவி முடிக்கும் நேரத்தில் தாராவிக்காரர் வெட்டி முடித்துவிட்டார். வெட்டிய ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைக்க இரண்டு பாதியையும் பட்டறைக்கு எடுத்துப் போனார். கேட் பாஸில் நான்தான் எழுதினேன்: திரும்பி வரவேண்டிய பொருள், பாய், ஒன்று.

மூன்றாம் நாள் கைவண்டியில் இரண்டு சுருளோடு வந்தார். நான் பாஸைக் காட்டினேன். வெளியே போனது ஒன்று. உள்ளே வருவது இரண்டு. எப்படி விடுவது?

"ஒண்ணுதான் சார். நடுவுல ஒரு கோடு விழுந்திருக்கு, அவ்வளவுதான்."

அதை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். அவர் பட்டறைக்கு லெட்டர்ஹெட் கிடையாது என்று எனக்குத் தெரியும். விதி என் பக்கம் இருந்தது. இன்றைக்கும் அந்த விதியில் யாரும் குற்றம் காண முடியாது. அவர் கைவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். மேடம் போன் செய்து பாய் வந்தாச்சா என்று கேட்டார். ஆளைக் கேட்கிறாரா பொருளைக் கேட்கிறாரா என்று நான் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை. வெளியே போன பொருள் இன்னும் உள்ளே வரவில்லை என்று பதில் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஐந்தாம் நாள் காலை ஏதோ ஒரு சாக்கில் பங்களாவின் பின்புறம் போனேன். மேடம் குளத்தின் படியில் நின்றுகொண்டிருந்தார். நல்ல காலை இறக்கினார். மற்ற காலை இறக்கினார், உடனே எடுத்தார். தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரையில், என்னுடைய நான்காம் எண்ணின்மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னைக் கவனித்தார்.

"அவர் சொன்ன சொல் தவற மாட்டார்னு நெனச்சேன்," என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அதை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் பாய் லெட்டர்ஹெட்டோடு வந்தார். தலைப்பில் கோடு போட்ட வட்டம். கீழே, ஒன்று எப்படி இரண்டானது என்று அச்சுக்கூடத்துக்காரர் எழுதிக்கொடுத்த ஆங்கிலம், மூன்று பிழைகள். எழுத்துப் பிழைக்காக ஒரு பொருளை வாசலில் நிறுத்தலாம் என்று எங்காவது விதி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

இரண்டு பாதியும் குளத்தில் ஒட்டி மிதந்தன. எடுக்கும்போது புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல் மடித்து மடித்து, ஒவ்வொன்றையும் தாராவிக்காரர் ஒற்றை ஆளாகக் கரையேற்றினார். பங்களாவின் சமையல்காரர் ஒரு முறை பார்த்ததும் அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார். தாமதத்துக்குக் காரணம் கேட்ட மேடத்திடம், "பட்டறையில லேட்டாயிட்டும்மா, மன்னிச்சுக்கிடுங்க," என்றார் பாய். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஹோலிக்குள் மேடம் கைத்தடியை விட்டுவிட்டார். டாக்டர் கத்தியைப் பற்றிப் பேசவில்லை. பாய்க்கு மேடம் தன் கைப்பட நன்றிக் கடிதம் எழுதிக்கொடுத்தார். என்னிடம் அப்படி ஒன்று இல்லை.

அந்த வருடக் கடைசியில் பாய் ஒரு பெட்டி மிட்டாயோடு என் அறைக்கு வந்தார். லெட்டர்ஹெட் இருந்ததால் நாலு கம்பெனியில் மழைக்கால வேலை கிடைத்ததாம். "நீங்க கேக்கலன்னா நான் எங்க சார் அடிக்கப் போறேன்," என்றார். குத்தலா, நன்றியா, முகத்தில் தெரியவில்லை. மிட்டாயை ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். நான் ஒன்றும் எடுக்கவில்லை.

இந்த ஜூனில் எங்கள் கட்டடத்து மொட்டைமாடிக்குத் தார்ப்பாய் வந்தது. செக்ரட்டரி நான்தான், வேறு யார் அந்தப் பதவிக்கு வருவார்கள்? கொண்டுவந்த இளைஞர் நீட்டிய சலானின் தலைப்பில் அதே வட்டம், அதே கோடு. அது என்னவென்று கேட்டேன்.

"தெரியல அங்கிள். நாங்க மாத்திரைன்னு சொல்லுவோம். பாதி பாதியா உடைச்சுத் திங்கிற மாத்திரை மாதிரி இல்ல?"

அது முதலில் என் மனதில் விழுந்த கோடு என்று சொல்ல வாயெடுத்தேன். தோன்றியும் ஏன் சொல்லவில்லை என்ற பழைய கேள்வி அங்கேயே நின்றது. இளைஞர் தார்ப்பாய்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு, அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை.