சிவப்புத் துணி கட்டிய குச்சி

சிரில் பாரெட் முட்டாள் என்று இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் ஊரார் சொல்வார்கள். சொல்லட்டும். அவன் முட்டாள் இல்லை. மெதுவான ஆள், அவ்வளவுதான். மெதுவான ஆளை முட்டாள் என்று நினைத்தவர்கள் பிறகு என்ன பாடு பட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சர்க்கரை ஆலையில் மூட்டை தைத்து ஓய்வு பெற்றவன் சிரில். ஓய்வுக்குப் பிறகு உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கினான். நீளக் கம்பு, அடியில் வட்டத் தட்டு, காதில் ஹெட்போன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் கூவும். அதைத் தூக்கிக்கொண்டு விவசாயி தர்லோவின் சர்ச் வயலில் நடப்பான். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் வயல் வெறுமையாகக் கிடக்கும் நாட்களெல்லாம் அவனுடையவை. கிடைத்தது என்ன? பித்தளைப் பொத்தான், குதிரைச் சேணத்தின் கொக்கி, பழைய துப்பாக்கியின் ஈயக் குண்டு, பீர் டின்னின் மூடி வளையம். எல்லாவற்றையும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தான்.

அவன் மனைவி டோரீன், அந்த டப்பாக்களைக் காலால் தள்ளிவிட்டுத்தான் துணி உலர்த்தப் போவாள்.

"இன்னைக்கு என்ன, ராஜா கிரீடமா?" என்பாள்.

"பொத்தான்."

"நல்லதாப் போச்சு. ராஜாவுக்குச் சட்டை தச்சிடலாம்."

சிரிலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வயலிலிருந்து ஒரு தங்கக் காசு. விற்பதற்கு அல்ல. டோரீனின் கையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். அந்தக் காட்சியை மனசுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறான்.

அவனோடு கூட நடப்பவன் டெரிக். வேன் வைத்திருந்தான், குழாய் வேலை செய்தவன், வாய்க்காரன். வயலில் தேட தர்லோ அனுமதி கொடுத்தது சிரிலுக்குத்தான். டெரிக்கைச் சேர்த்துக்கொண்டவன் சிரில். இப்படிக் கருவியோடு தேடும் ஆட்களிடையே அனுமதி என்பது பெண்டாட்டியைவிடப் பெரிய விஷயம். யாரும் பங்கு போட மாட்டார்கள். சிரில் போட்டான்.

இந்தச் சமயத்தில்தான் டிவியில் அந்தத் தொடர் வந்தது. புதன்கிழமை எட்டு மணிக்கு. இரண்டு ஆண்கள், இதே மாதிரிக் கருவிகளோடு, இதே மாதிரி வயல்களில். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மழை வரும், மரத்தடியில் நிற்பார்கள். உடைந்த கரண்டிக் காம்பு ஒன்று கிடைக்கும், அது யார் வீட்டுக் கரண்டியாக இருந்திருக்கும் என்று ஒரு வாரம் முழுக்கப் பேசுவார்கள். ஒருவன் சொன்னதை மற்றவன் கேட்பான். சிரிப்பு வரும், ஆனால் யாரையும் பார்த்து வரும் சிரிப்பு இல்லை. அந்த அரை மணி நேரமும் சிரிலின் தோள்கள் இறங்கி இருக்கும். ஹெட்போனில் வயல் அமைதியாக இருக்கும்போது எப்படி இருப்பானோ அப்படி.

ஊரே அந்தத் தொடரின் மேல் உயிரை விட்டது. மாவிஸ் நடத்தும் பப்பில், புதன்கிழமையானால் உட்கார இடம் கிடைக்காது. டோரீனும் பார்ப்பாள். "எவ்வளவு நல்ல மனுஷங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். துடைத்துவிட்டு, "உன் பூட்ஸைக் கழட்டாம உள்ளே வந்தா வெட்டிப் போட்டுடுவேன்" என்பாள். சிரிலுக்கு இதுதான் புரியவில்லை. அந்த இரண்டு பேரையும் பார்த்து உருகுகிறவர்கள் எல்லாரும், கடைத்தெருவில் தன்னைப் பார்த்தால் மட்டும் கையை நீட்டி வாயால் "கூ, கூ" என்று ஏன் கத்துகிறார்கள்?

அந்த வருஷம் தர்லோ ஒரு செய்தி சொன்னான். சர்ச் வயல் முழுக்க சோலார் தகடு நிறுத்தப் போகிறார்கள், அறுவடை முடிந்து செப்டம்பர் வரைக்கும்தான் நடக்கலாம், பிறகு வேலி.

சிரில் அவசரப்படவில்லை. வேலிக்கு வேலி நேர்கோடாக நடப்பான், ஒரு சாண் இடம் விடமாட்டான். சாயங்காலம் எந்த இடத்தில் நிறுத்துகிறானோ அங்கே சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சியை நட்டுவிட்டு வருவான். இதுவரை பார்த்தாயிற்று, இனிமேல்தான் பாக்கி என்று அதற்கு அர்த்தம். மறுநாள் முதல் அடி அந்தக் குச்சியிலிருந்துதான். வயல் ஓரமாக நாயைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் இது தெரியும்.

டெரிக்குக்கு நன்றாகவே தெரியும். அருங்காட்சியகக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் போலிக் காசு ஒன்றை வாங்கினான். கப்பலில் வாளோடு நிற்கும் ராஜா, தங்க முலாம். ஓரத்தில் 'நகல்' என்று பொறித்திருந்ததை அரத்தால் தேய்த்துவிட்டு, குச்சிக்கு அந்தப் பக்கம் ஓர் அடி தள்ளிப் புதைத்து, மண்ணை மிதித்து விட்டான்.

மறுநாள் சிரிலின் காதில் கூவியது. முழங்காலில் உட்கார்ந்து கையாலேயே மண்ணை விலக்கினான். மஞ்சள் தெரிந்தது. பிறகு முறைப்படி எல்லாம் செய்தான். அந்த ஆட்களுக்கு ஒரு சட்டம் உண்டு: தங்கத்தைத் துடைக்கக் கூடாது. மண்ணில் இருக்கும் மணல் கீறிவிடும். எச்சில் தொட்டும் தேய்க்கக் கூடாது. அப்படியே மண்ணோடு ஈரப்பாசியில் பொதிந்து டப்பாவில் வைத்தான். அதனால்தான் அரம் பட்ட இடம் அவன் கண்ணில் படவில்லை. அவனுடைய ஒழுங்கே அவனைக் கவிழ்த்தது.

வயலுக்காரனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். தர்லோவின் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு நின்று காட்டினான். தர்லோ கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனுக்கு இந்தச் சூது தெரியாது. அடுத்தது டோரீன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சிரில்" என்றாள், அவ்வளவுதான். அவன் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். நினைத்தபடியே நடந்தது. தண்ணீர் கொதிப்பதற்குள் அவள் நாரிச்சில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள்.

அன்று புதன்கிழமை. பப்பில் எல்லாரும் இருந்தார்கள்.

"வா கண்ணு, உனக்கு இன்னைக்கு இலவசம்" என்று மாவிஸ் பீரை நீட்டினாள். "ரெண்டு வார்த்தை பேசு."

சிரில் எழுந்து நின்று பேசினான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத ஆள். டோரீன் எத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னான். டெரிக் மாதிரி ஒரு நண்பன் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று சொன்னான். டெரிக் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"துடைச்சுக் காட்டுய்யா, ராஜா முகத்தைப் பாப்போம்."

"துடைக்கக் கூடாது, டெரிக். உனக்கே தெரியுமே."

"குளிப்பாட்டவாவது செய்யலாமில்ல?" என்று மாவிஸ் டப்பாவிலிருந்து காசை எடுத்து அவனுடைய பீர் கிளாஸிலேயே போட்டாள். மண் கரைந்தது. டெரிக் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். அந்தக் காசு செருகி விற்கப்பட்ட அட்டை. காசு அளவுக்கு ஒரு பள்ளம், கீழே விலை.

சிரிப்பு கூரையில் போய் முட்டியது. டோரீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த நேரத்தில் டிவியில் தொடரின் பாட்டு ஆரம்பித்தது. உடனே எல்லாரும் "உஸ், உஸ்" என்று ஒருவரை ஒருவர் அடக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்கள். சிரிலும் சிரித்தான். அவன் முகம்தான் சிரித்தது.

வீட்டில் டோரீன் சொன்னாள்: "உன் ஈயக் குண்டே தேவலாம். அதைப் பார்த்து யாரும் சிரிக்கலை." அடுத்த வாரம் முடி வெட்டப் போன இடத்தில் அவளே கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். பிறர் சொல்வதற்குள் தான் சொல்லிவிட்டால் வலி குறையும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. சிரிலின் வலி அந்தக் கணக்கில் வரவில்லை.

"கோவமாய்யா?" என்று வேனில் கேட்டான் டெரிக். "சும்மா தமாஷு. நம்ம தொடர்ல வர்ற மாதிரிதானே."

"அதுல இப்படியெல்லாம் வராது" என்றான் சிரில்.

வயல் பாக்கி இருந்தது, செப்டம்பர் முடிய இருந்தது. தினமும் போனான், குச்சி நகர்ந்தது. கடைசி வாரத்தில் கடைசிக் கோடு, சர்ச் சுவரை ஒட்டி. காலையில் குச்சியைப் பிடுங்கிக் கருவியை இறக்கினான், கூவியது. தோண்டினான். சின்னக் காசு, நகத்தளவுதான். நேற்றுத்தான் அச்சடித்த மாதிரிப் பளபளப்பு.

தங்கம் அப்படித்தான் வெளியே வரும். எத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்தாலும் கறுக்காது. புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவன் சிரில்தான். ஆனால் சூடுபட்ட மனசுக்குப் படிப்பு ஏறுமா? சரியாகக் குச்சிக்குப் பக்கத்தில், அதே பளபளப்பு. நிமிர்ந்து பார்த்தான். வேலியோரம் டெரிக் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பேத்தி நாய்க்குத் தொப்பி போட்ட படம் அனுப்பியிருந்தாள், அதற்குச் சிரித்தான். சிரிலுக்கு அது எப்படித் தெரியும்?

நேரே போய் டெரிக்கின் உள்ளங்கையில் காசை வைத்தான். துடைத்தே வைத்தான், பேன்ட்டில் அழுத்தித் தேய்த்து.

"இந்தா, உன் சாமான். ஒரு தடவை போதும்யா."

டெரிக் குனிந்து பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "எங்க கிடைச்சுது?"

"நீ எங்க வச்சியோ அங்க."

டெரிக் வாயைத் திறந்தான். சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும், நேரமும் இருந்தது. வாயை மூடிக்கொண்டான். பிறகு கையையும் மூடிக்கொண்டான்.

"கண்டுபிடிச்சிட்டய்யா" என்றான்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சிரில் பார்த்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டான். பாவம், திருந்திவிட்டான் என்று மனசு இளகிவிட்டது. தன் சீஸ் ஊறுகாய் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். டெரிக் அதை வாங்கித் தின்றான். இதை மட்டும் மறக்காதீர்கள், தின்றான்.

அன்று சாயங்காலம் வயல் முடிந்தது. சிரில் ஒன்றும் கிடைக்காமல் வீட்டுக்கு வந்து குச்சியைக் கொட்டகையில் சாத்தினான்.

கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வாங்க இறைச்சிக் கடையில் நின்றபோது தர்லோ முதுகில் தட்டினான்.

"டெரிக்குக்கு அடிச்சது பாத்தியா யோகம்! எட்வர்ட் ராஜா காலத்துக் காசாம். லண்டன்ல ஏலத்துக்குப் போச்சு, வயல் என்னுதுங்கறதால எனக்கும் அவனுக்கும் ஆளுக்குப் பாதி. உன் சிவப்புக் குச்சிக்குப் பக்கத்துலதானாம். நீ அன்னைக்கு வரலையோ?"

சிரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஈரலைப் பார்த்தான்.

"காய்ச்சல்" என்றான்.

சொல்லியிருக்கலாம். யாரிடம்? தங்கத்தைத் தானே துடைத்து, தானே கொண்டுபோய், அவன் கையில் வைத்தேன் என்று பப்பில் நின்று சொல்வதா? முதல் சிரிப்பே இன்னும் அடங்கவில்லை. டோரீனிடம் சொன்னால் அடுத்த வாரம் முடி வெட்டும் இடத்துக்குப் போய்விடும். வான்கோழியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

மே மாதம் தொடர் மறுபடியும் ஆரம்பித்தது. டெரிக் ஏலக் காசில் பப்புக்குப் பெரிய டிவி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான், சுவர் அகலத்துக்கு. ஊரே அவனைக் கொண்டாடியது. சிரிலுக்குத் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வைத்தான்.

"உக்காருய்யா. நீ இல்லாம நான் பாப்பேனா?"

சிரில் உட்கார்ந்தான். அன்றைய கதையில் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பிஸ்கட் மிச்சம். ஒருவன் பசியில்லை என்று பொய் சொல்லி மற்றவனுக்கு விட்டுக்கொடுத்தான். அவ்வளவுதான் காட்சி. பப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மாவிஸ் மூக்கை உறிஞ்சினாள். சிரில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். டெரிக்கின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. நடிப்பு இல்லை, நிஜக் கண்ணீர். அதைச் சிரில் நன்றாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டான்.

"சிப்ஸ் சாப்பிடுய்யா" என்று டெரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டைத் தள்ளினான்.

ஒன்றை எடுத்துக் கடித்தான் சிரில். "உப்பு பத்தலை" என்றான். எழுந்து வெளியே போனான். வெளிச்சம் இன்னும் போகவில்லை. வீட்டுக்குப் போய்க் கொட்டகையைத் திறந்தான்.

மறுநாள் காலை டெரிக் வேனை எடுக்க வந்தபோது, அவன் வீட்டுப் புல்தரையில், கேட்டுக்கு உள்ளே ஓர் அடியில், சிவப்புத் துணி கட்டிய குச்சி நின்றது. இதுவரை பார்த்தாயிற்று, இனிமேல்தான் பாக்கி. அவனுக்குப் படிக்கத் தெரிந்த குச்சிதான் அது. பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தான். யாரிடமும் கேட்கவில்லை. என்ன என்று கேட்பது?

அடுத்த புதன்கிழமை பப்பில் சிரில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தொடரைப் பார்த்தான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். வியாழக்கிழமை காலையில் குச்சி மறுபடியும் நின்றது. போன வாரம் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி உள்ளே. அதற்கடுத்த வாரம் இன்னோர் அடி. நேர்கோடு, ஒரு சாண் பிசகவில்லை.

"ஏன் கண்ணு இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று மாவிஸ் கேட்டாள் டெரிக்கை. தொடரில் மழை பெய்துகொண்டிருந்தது. டெரிக் சிரிலைப் பார்த்தான். சிரில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான், தோள்கள் இறங்கி, நிம்மதியாக.

டெரிக்கின் புல்தரை நீளமானது. கேட்டிலிருந்து வாசற்படிக்கு இன்னும் நிறைய இடம் பாக்கி இருந்தது. சிரிலுக்கு அவசரமில்லை.