போகலாம் என்று சொன்னது யார்?

விசாரிக்கப் போன வீட்டின் கதவைத் தட்டுவதற்கு முன் பேராசிரியர் அம்மாள் துணிக்கொடியைப் பார்த்துவிடுவார். பிள்ளைத் துணிகளுக்கு நடுவே தாயின் உடுப்பும் காய்ந்தால்தான் முகம் தெளியும். பிள்ளைத் துணி மட்டும் தொங்கினால், வாசலிலேயே கொஞ்சம் நின்று, அப்புறம்தான் தட்டுவார்.

பேராசிரியர் படித்தது சமூகவியல், வைத்தியம் தெரியாது. பிரசவத்தில் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்று கண்டம் விட்டுக் கண்டம் போய் விசாரிப்பதே அவர் பிழைப்பு. "என்ன மருந்து குடுத்தாங்கன்னு டாக்டர் கேட்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு யாரு மொதல்ல சொன்னதுன்னு நான் கேட்பேன்" என்பார். பல வீடுகளில் அதைக் கேட்டதும் மாமியார் மகனைப் பார்ப்பார். மகன் தரையைப் பார்ப்பான்.

மேடையில் இதையெல்லாம் குரல் நடுங்காமல் பேசுகிறவர், மாசமாயிருக்கும் பெண் எதிரே வந்தால் வாழ்த்துக்கூடச் சொல்லமாட்டார். கால் வீங்குகிறதா, அவசரத்துக்கு வண்டி இருக்கிறதா என்று ஆரம்பித்துவிடுவார். அலுவலகத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் அவர் தலை தெரிந்தால் வேறு படிக்கட்டில் இறங்கிவிடுவதாகக் கேலி உண்டு.

சொந்த மகள் உண்டானதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் போனில் அதே விசாரணை. "நான் உன் ஆராய்ச்சி இல்லம்மா, உன் பொண்ணு" என்று மகள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டார். பயத்தைக் கட்ட முடியவில்லை.

ஒரு மதியம் போனில் பேச்சுவாக்கில் மகள், காலையிலிருந்து தலைவலி, கண் முன்னே பூச்சி பறக்கிறது, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்றாள். மனைவியைப் பறிகொடுத்த எத்தனையோ பேர் அவரிடம் சொல்லியிருந்த அதே பேச்சு. உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவரோ, அசதியாகத்தான் இருக்கும் அத்தை, சாயந்தரம் பார்க்கலாமே என்று இழுத்தார்.

"இல்ல மாப்பிள்ளை. இப்பவே போகலாம்னு நான் சொல்றேன். பின்னால யாராவது கேட்டா, என்னைக் கைகாட்டுங்க."

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பேராசிரியர் வந்து சேர்ந்தபோது அறுவை அறைக் கதவு மூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றாராம் டாக்டர். மற்றவர்கள் என்ன ஆகுமோ என்று பயந்தார்கள். என்னவெல்லாம் ஆகும் என்பது இவருக்குத் தெரியும். கதவு திறந்தபோதெல்லாம் வெளியே வருகிறவர் முகத்தைப் பார்க்க அஞ்சி, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு உயிரும் பிழைத்தன. குழந்தை சின்னதுதான், அழுகை மட்டும் பெரிது. சம்பந்தி அம்மாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டுவந்து, "பேத்தியைப் பாருங்க" என்று நீட்டினார். பேராசிரியர் திரும்பவில்லை. மயக்கம் தெளியாத மகள் பக்கம் குனிந்து, அவள் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தார். வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.