மாப்பிள்ளை பரிமாறிய தேநீர்

சாம்பார் வாளியோடு என் மாமா பந்திக்குள் இறங்கினால் நான் சாப்பாட்டை மறந்துவிடுவேன். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அப்படி ஒரு கூட்டம் வரும். தோட்டத்தை மூடி, ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு, சனங்கள் ஜெலாப்பாங், கோப்பெங் என்று ஆளுக்கொரு திசையாகப் போய்விட்ட பிறகும், திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார்கள். கூடாரத்தின் அடியில் பாய் விரித்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அந்த நெரிசலுக்குள் கொதிக்கிற சாம்பாரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மாமா நடந்து வருவார். ஒவ்வொரு இலைக்கும் குனிவார், குனியும்போதே ஒரு வார்த்தை கேட்பார். "பெரியம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா? அண்ணே, அங்க மழை எப்படி?" இத்தனை பேரோடு ஒரு மனிதரால் பேச முடியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். உலகத்திலேயே பயம் என்பதை அறியாத ஒரே ஆள் என் மாமாதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. ஈப்போவில் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. எங்கே கல்யாணம், காதுகுத்து என்றாலும் என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்விடுவார். வாழை மரம் கட்டுகிறவர்களுக்கும் முன்னால் நாங்கள் போய் நிற்போம். காலியான மண்டபத்தைச் சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வாசல் எத்தனை, சமையல்கட்டு எந்தப் பக்கம், கை கழுவும் இடம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வார். அரசாங்கத்தில் இருந்து சோதனை போட அனுப்பியிருக்கிறார்கள் போல என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

கூட்டம் சேரத் தொடங்கியதும் மாமா வெளியே போய் ஒரு ஓரமாக நிற்பார். குளிர்பான டின் ஒன்றை வாங்கி மணிக்கட்டில் வைத்துக்கொள்வார். சூடான கோப்பியை ஆற்றுகிற மாதிரி வாயைக் குவித்து மூச்சை மெல்ல மெல்ல வெளியே விடுவார். பிறகு உதடு முணுமுணுக்கும். அது மந்திரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டும் விட்டேன். "பிரயாணம் சௌகரியமா? சாப்பிட்டாச்சா? அங்க மழை எப்படி?" இதுதான் மந்திரம். நானும் மனப்பாடம் செய்து, மறுநாள் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிப் பார்த்தேன். பலித்தது. அன்று முழுவதும் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

மாமாவுக்கு ஆட்களைக் கண்டால் பயம். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி எனக்கு மட்டும் தெரியாது. நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் போதும், அவருக்கு உள்ளங்கை வேர்த்து நெஞ்சு படபடக்கும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கையில் ஒரு வாளியோ கரண்டியோ இருந்தால்தான் அவரால் ஒரு கூட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியும். பரிமாறுகிறவனை யாரும் உட்கார வைத்து விசாரிக்க மாட்டார்கள் அல்லவா? முன்கூட்டியே போவது, இடத்தைப் பழகிக்கொள்வது, மூச்சை நீளமாக விடுவது, கேட்பதற்கு நாலு கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்வது, இதையெல்லாம் இப்போது சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். மாமாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தடவிக் கண்டுபிடித்தார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளை கையில் யார் வாளியைக் கொடுப்பார்கள்? கோப்பெங்கில் முதல் பெண்ணைப் பார்க்கப் போனபோது, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போன மாமா திரும்பவே இல்லை. தேடிப் போனால் காருக்குள் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், வாயைத்தான் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஊமையா என்று தரகரிடம் கேட்டுவிட்டார்கள். அம்மா அழுது தீர்த்தார்.

மூன்றாவது இடம் பாரிட் புந்தார். பெண்ணுக்கு ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. படத்தைப் பார்த்ததும் மாமாவுக்குப் பிடித்துவிட்டது. யாரும் கவனிக்காதபோது அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார். அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எனக்கு ஆசை இல்லாம இல்லக்கா. இந்த இடமும் தவறிப்போச்சுன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்." அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கட்டளை போட்டார். எதையும் தொடக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, மாப்பிள்ளை மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பழத்தட்டை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று மாமா கேட்டுப் பார்த்தார். அம்மா அதையும் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். நெடுஞ்சாலையில் அப்பா வேனை வேகமாக ஓட்டியதில் நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். மாமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதுவும் நிலைக்கவில்லை. நல்ல நேரம் பிறந்த பிறகுதான் வாசலை மிதிக்க வேண்டும் என்று அம்மா வேனை வயல்வெளி ஓரமாக நிறுத்தச் சொன்னார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பெண் வீட்டு உறவெல்லாம் வந்து கூடம் நிறைந்திருந்தது. கூடத்தின் நட்டநடுவில், காற்றாடிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அதில் மாமாவை உட்கார வைத்தார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

எதிரில் பெண்ணின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, தொண்டையைச் செருமினாலே எல்லாரும் பேச்சை நிறுத்துகிற ஆள். மாமா மூச்சை மெல்ல வெளியே விட்டார். மந்திரம் வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பிரயாணம் எல்லாம் சௌகரியமா?" என்றார் மாமா.

"நாங்க இங்கதானே இருக்கோம் தம்பி. நீங்கதான் பிரயாணம் பண்ணி வந்தீங்க" என்றார் பெரியப்பா.

கூடமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, இருந்தாலும் சிரிப்பு. மாமாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போய்விட்டது. என்ன சம்பளம், எத்தனை வருட சர்வீஸ் என்று பெரியப்பா அடுத்தடுத்துக் கேட்டதற்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்பாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். மாமாவின் கண் வாசல் பக்கம் போனது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது.

அந்த நேரத்தில்தான் பெண் வந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் தட்டில் தேநீர்க் கோப்பைகள். முதலில் ஆளைக் காணவில்லை, சத்தம்தான் கேட்டது. கோப்பையும் சாசரும் மோதிக்கொண்டு கலகலவென்று ஒரு சத்தம். கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டதால் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. நாலடி வைத்த பெண் அப்படியே நின்றுவிட்டது. தட்டில் தேநீர் தளும்பி வழிந்தது. "போம்மா, போ" என்று உள்ளேயிருந்து அதன் அம்மா கிசுகிசுத்தார். கால் நகரவில்லை.

மாமா எழுந்தார்.

"தம்பி, உட்காருடா" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. மாமா நேராகப் போனார். "குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தட்டை வாங்கினார். சத்தம் பட்டென்று நின்றது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண் வீட்டாருக்குத் தேநீர் கொடுப்பதை அந்தக் கூடம் அதற்கு முன் பார்த்திருக்காது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமா யாரையும் கவனிக்கவில்லை. பெரியப்பா முன்னால் போய்க் குனிந்தார். "சீனி சரியா இருக்கான்னு பாருங்க. கொறச்சலா வேணும்னா வேற போட்டுத் தரச் சொல்றேன்." எங்கே போயிருந்ததோ அந்தக் குரல், முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. சீனி என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரியப்பா தன் நீரிழிவின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், இடையில் ஒரு கேள்வியும் கேட்டார். எழுந்து நின்று கைதட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

நான் பெண்ணை மறுபடி கவனித்தது அப்போதுதான். கூடத்தின் நடுவில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தது. எல்லார் கண்ணும் இப்போது அதன் மேல். சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டிருந்தது. அடுத்தவருக்குக் கோப்பையை நீட்டப்போன மாமா சட்டென்று திரும்பினார். செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போல அவர் முகம் மாறியது. தேநீர்த் தட்டை மேசை மேல் வைத்தார், அங்கே இருந்த முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கைகளில் வைத்தார். எனக்குப் பக்கத்தில் நடந்ததால் அவர் மெதுவாகச் சொன்னதும் கேட்டது.

"நான் தேத்தண்ணி, நீங்க முறுக்கு. நான் முன்னால போறேன், பின்னாலயே வாங்க. யாரையும் பாக்க வேணாம், தட்ட மட்டும் பாருங்க. மூச்ச மெதுவா விடுங்க, போதும்."

மாமா முன்னால், அது பின்னால். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை. மாமா ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வழி உண்டாக்கிவிட்டுப் போக, பின்னால் முறுக்குத் தட்டு நீண்டது. எங்கள் பக்கம் வந்தபோது பெண் தட்டிலிருந்து கண்ணை எடுத்து என் அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "இன்னொன்னு எடுத்துக்குங்கக்கா" என்றது. சமையலறை வாசலில் நின்ற அதன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முறுக்கு தீர்ந்துபோகிறதே என்ற கவலை என்று நான் நினைத்துக்கொண்டு, எடுத்த முறுக்கைத் திரும்ப வைக்கலாமா என்று யோசித்தேன்.

திரும்பும் வழியில் அம்மா வேனில் ஒரே புலம்பல். "மானம் போச்சு. மாப்பிள்ளையா போனவன் பந்தியில பரிமாறுற ஆளு மாதிரி கங்காணம் பண்ணிட்டு வாரான். பொண்ணு வீட்டாளுங்க மூஞ்சியப் பாத்தீங்களா?" அப்பா, "விடு லா, நடந்தது நடந்துபோச்சு" என்றார். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கையை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கியிருந்தார்.

தைப்பிங் தாண்டியதும் அம்மாவின் கைப்பேசி அடித்தது. பெண்ணின் அம்மா. எங்கள் அம்மா, "ஆங்… ஆமாங்க… அப்படிங்களா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் வரவரத் தேய்ந்தது. பேசி முடித்தபின் கைப்பேசியை மடியில் போட்டார். அப்பா வேனை ஓரங்கட்டினார்.

"கிளினிக்குல கையில மருந்து இருந்தா பேசிருமாம், வீட்டுக்கு வெளியாளு வந்தா அந்தப் புள்ள ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்குமாம். முன்ன ரெண்டு தடவ வந்தவங்க மூஞ்சியக் கூட பாக்காமத்தான் திரும்பிப் போனாங்களாம். இன்னிக்கு ஹாலு முழுக்க சுத்தி வந்துருச்சாம். அவங்களுக்குச் சம்மதமாம். புள்ளையே வாயத் தொறந்து சொல்லிருச்சாம்" என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு பின்பக்கம் எட்டி மாமாவின் தலையைத் தடவினார். மாமா ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "மாமா, அந்த அக்காவுக்கு ஏன் கை அப்படி ஆடிச்சு?"

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "தட்டு கனம் பாப்பா."

"அவ்ளோ கனமா?"

"ரொம்பக் கனம்."

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் தட்டு, அதில் கொஞ்சம் தேநீர்க் கோப்பைகள், அதைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத பெண்ணா எங்கள் வீட்டுக்கு வரப்போகிறது? ரூமுக்குள்ளேயே இருக்குமாமே, எழுந்து நடமாட முடியாத சீக்கு ஏதாவது இருக்குமோ? இது தெரியாமல் அம்மா வேறு சந்தோஷத்தில் அழுகிறார். யாராவது ஒருவர் விவரமாக இருக்க வேண்டாமா?

"மாமா, கல்யாணம் ஆனதும் அவங்களுக்கு தெனமும் முட்டையும் மீலோவும் குடுங்க. சத்து வந்துரும்" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் அழுகையின் நடுவே சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "சரி பாப்பா, குடுக்கிறேன்" என்றார். அந்த அக்காவுக்கு வேறு என்னென்ன வாங்கிக் கொடுத்தால் உடம்பு தேறும் என்று யோசித்துக்கொண்டே நான் ஈப்போ வந்து சேர்ந்தேன்.